கத்தி வைக்கும் முன்

இரட்டைக் குழந்தை பெற்ற ஓர் இளம்பெண், பிரசவமான 24 மணி நேரத்தில் இறந்துபோனாள். ஏற்கெனவே ரத்தசோகை, மூச்சுத்திணறல் வேறு. பிரேதப் பரிசோதனையில் கர்ப்பப்பையின் சுவருக்குள் ரத்தக் குழாய்கள் பெருத்து, அறை அறையாக விரிந்து கிடந்தது தெரியவந்தது. 1897இல் பதிவான இந்தச் சம்பவத்தைத்தான் கர்ப்பப்பை ஹீமாஞ்சியோமாவின் முதல் பதிவு என்று மருத்துவ இதழ்கள் இன்றுவரை சொல்லிவருகின்றன.

இந்தக் கட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. ரிப்போர்ட்டில் 'ஹீமாஞ்சியோமா' என்று ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் தேடுகிற பெண்ணுக்கு முதலில் கண்ணில் படுவது ஒரு மரணம். அவளுக்கு வந்திருப்பது பெரும்பாலும் கர்ப்பப்பையின் வாயில் மட்டும், ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிய சின்ன விஷயமாக இருக்கும். 1897இல் பார்த்தது கர்ப்பப்பைச் சுவர் முழுக்கப் படர்ந்த வகை. இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று.

கட்டி என்றதும் அடுத்த கேள்வி 'கேன்சரா டாக்டர்?' என்பதுதான். இது கேன்சர் இல்லை. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. விட்டுவைத்தால் கேன்சராக மாறிவிடுமோ என்று நடுங்கவும் வேண்டாம். ரத்தக் குழாய்களே அளவுக்கு மீறிப் பெருகியோ விரிந்தோ ஒரே இடத்தில் குவிந்து நிற்கின்றன, அவ்வளவுதான். குழாய்கள் நுண்ணியவையாக இருந்தால் ஒரு வகை, பெரிய அறைகளாக விரிந்திருந்தால் இன்னொரு வகை. இந்த இரண்டாவதை வெட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஊறிய பஞ்சு போல இருக்கும். அறைகளின் சுவர் மிக மெல்லியது. ரத்தக் குழாய் வெட்டுப்பட்டால் சாதாரணமாக அதன் தசைச் சுவர் சுருங்கி ரத்தத்தை நிறுத்தப் பார்க்கும். இங்கே சுருங்குவதற்குப் போதுமான தசையே கிடையாது. இந்தக் கட்டியின் மொத்தக் குணமும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

எவ்வளவு அரிது? உலகெங்கும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கும் கர்ப்பப்பை வாய் ஹீமாஞ்சியோமாக்களைக் கூட்டினால் சில டஜன்கள்தான் தேறும். உண்மையில் இதைவிட அதிகமாக இருக்க நியாயமுண்டு. எந்தத் தொந்தரவும் தராமல் கிடப்பதை யாரும் தேடிப் போவதில்லை. தேடாமலே கண்ணில் பட்டாலும் எல்லா மருத்துவரும் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதில்லை. வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுத்து, அதை லேபில் வெட்டிப் பார்க்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்த கதைகளும் பதிவாகியிருக்கின்றன.

தொந்தரவு தருகிற கட்டியின் அடையாளம் ரத்தம். மாதவிலக்கில் அதிகமாகப் போவது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் திட்டுத் திட்டாகப் படுவது, தாம்பத்திய உறவுக்குப் பின் கசிவது. இந்த மூன்றையும் சொல்லிக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை பெண்கள் மகப்பேறு ஓ.பி.யில் வரிசையில் நிற்கிறார்கள் என்று யோசித்தால், இந்தக் கட்டி எப்படி ஒளிந்துகொள்கிறது என்பது புரியும். ஹார்மோன் கோளாறு, ஃபைப்ராய்டு, பாலிப், தைராய்டு, கிருமித்தொற்று, கர்ப்பப்பை வாய்ப் புண் என்று பெண்கள் பொதுவாகச் சொல்லும் அந்தச் சிவந்த பகுதி, கடைசியில் எல்லோரும் பயப்படும் புற்றுநோய். சந்தேகப் பட்டியல் இவ்வளவு நீளம். அதில் ஹீமாஞ்சியோமாவின் பெயர் வருவதே அபூர்வம்.

மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோ, 2011இல் இப்படிப்பட்ட ரத்தப்போக்குகளுக்கான காரணங்களை ஒன்பது பிரிவுகளாக அடுக்கியது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. சேர்த்துப் படித்தால் 'பாம்-கோயின்'. பாலிப்புக்கு ஓர் எழுத்து, ஃபைப்ராய்டுக்கு ஓர் எழுத்து, ரத்தம் உறையாத நோய்களுக்கு ஓர் எழுத்து. தமனியும் சிரையும் கோளாறாகப் பின்னிக்கொள்கிற நோய் போன்ற அபூர்வச் சரக்குகளுக்கு மிச்சமிருந்த 'என்' பிரிவுதான் கிடைத்தது. வேறெதிலும் அடங்காதவை என்று பொருள். ஹீமாஞ்சியோமாவுக்கும் அந்தத் திண்ணைதான் வாய்க்கும். பட்டியலில் கடைசி எழுத்து என்பதால், அது ஞாபகத்துக்கு வருவதும் கடைசியில்தான்.

ஞாபகத்துக்கு வராவிட்டால் என்ன, கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடாதா? பெரும்பாலும் தெரிந்துவிடும், பார்த்தால்! கர்ப்பப்பை வாய் உடலுக்கு உள்ளே இருந்தாலும், ஸ்பெகுலம் என்ற எளிய கருவியை வைத்து விரித்துப் பார்த்தால் கண்ணெதிரே நிற்கும். ஹீமாஞ்சியோமா அங்கே நீலமும் ஊதாவும் கலந்த திட்டாகவோ, கருஞ்சிவப்புப் புடைப்பாகவோ தெரியும். மெதுவாக அழுத்தினால் வெளுக்கும், விட்டால் மறுபடி நிறம் ஏறும். வாயின் உட்குழலுக்குள் ஒளிந்திருந்தால்தான் கஷ்டம். ஆனால் கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில், கதவு சரியாகச் சாத்தாத அறையில், ரத்தப்போக்கு என்று வந்தவளை 'மாத்திரை போடும்மா, நிற்கலைன்னா வா' என்று அனுப்பிவிடுவது எளிது. அவளுக்கும் அதுவே நிம்மதி. ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது பரிசோதனை மேசையில் படுக்க எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? இப்படி இரண்டு பக்கச் சங்கடமும் சேர்ந்து, பார்க்காமலே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

பாப் ஸ்மியர் எடுத்தாச்சே, நார்மல் என்று வந்ததே என்றால், அது இந்தக் கட்டிக்குப் பதிலாகாது. பாப் ஸ்மியரில் சுரண்டி எடுப்பது மேல்தோலின் செல்களை. ஹீமாஞ்சியோமா உட்கார்ந்திருப்பதோ அதற்கு அடியில். மேலே போர்த்திய தோல் பெரும்பாலும் குறையே இல்லாமல் இருக்கும். எனவே சோதனை பொய் சொல்லவில்லை; அதனிடம் கேட்ட கேள்வி வேறு. கர்ப்பப்பை வாயில் வினிகர் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் சோதனைக்கும் இதே கதைதான்.

அந்த அமிலச் சோதனையைச் சொல்லும்போது திண்டுக்கல்லை விட்டுவிட முடியாது. இந்த மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களுக்கு இந்தச் சோதனையை வழங்கும் திட்டம் ஒன்று நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, எங்கே வெள்ளையாக மாறுகிறது என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவு எளிய வேலை. 2007இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, சோதனை வழங்கிய பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. பெரிய இயந்திரமும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியும் இல்லை. படுக்க வைத்து, வெளிச்சம் காட்டி, பொறுமையாகப் பார்த்தார்கள். அமிலத்தில் ஹீமாஞ்சியோமா வெளுத்துக் காட்டிக்கொடுக்காது என்பது உண்மைதான். ஆனால் அமிலம் தடவுவதற்கு முன் ஒரு நிமிடம் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கிறார்களே, அந்த ஒரு நிமிடத்தில் நீலத் திட்டு தப்பாது.

கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்க கால்போஸ்கோப் இருக்கிறது. 1925இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்செல்மன் உருவாக்கிய கருவி. அதில் பச்சை வடிகட்டி என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் சிவப்பு விலகி, ரத்தக் குழாய்கள் கறுப்புக் கோடுகளாக எழுந்து நிற்கும். புற்றுநோயின் கோணல்மாணலான குழாய்களைப் பிடிப்பதற்காக வைத்தது. ஹீமாஞ்சியோமாவைப் பார்க்கவும் அதுவே உதவுகிறது.

இங்கேதான் விஷயம் கனக்கிறது. சந்தேகப்படும்படி ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது. மருத்துவம் கற்றுக்கொடுத்த அடுத்த படி, ஒரு துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்புவது. பயாப்சி. புற்றுநோயைத் தவறவிடக் கூடாது என்ற நியாயமான பயத்தில் எழுந்த விதி அது. ஆனால் இந்தக் கட்டிக்கு மட்டும் அந்த விதி முட்டுக்கட்டை. சுருங்கத் தெரியாத குழாய்களில் ஒரு கடி கடித்தால் ரத்தம் கொட்டும். கர்ப்பப்பை வாய்க்கு ரத்தம் தருவது சின்ன ஓடை இல்லை. இடுப்பின் உள் தமனியிலிருந்து பிரியும் கர்ப்பப்பைத் தமனியின் கிளைகள் அதன் இரு பக்கமும் இறங்குகின்றன. அறுவை மருத்துவர்களின் கணக்கில் அது மூன்று மணித் திசையும் ஒன்பது மணித் திசையும். தையல் போடும்போது முதலில் அங்கேதான் போடுவார்கள்.

ஆக, எடுக்காவிட்டால் என்னவென்று உறுதியாகத் தெரியாது, எடுத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம். எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. சாதாரண பாலிப் என்று நினைத்து முறுக்கி எடுத்துவிட்டு, பிறகு துணி வைத்து அடைத்து, தையல் போட்டு, தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவங்கள் இந்தக் கட்டியைப் பற்றிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. மருத்துவர் திறமை குறைந்தவர் என்று இதற்கு அர்த்தமில்லை. வாழ்நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பாலிப்புகளை எடுத்தவருக்கு, ஒன்று மட்டும் இப்படி அமைந்துவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் விலை குறைந்த வழி. டாப்ளர் வசதியுள்ள ஸ்கேன். அடிவயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட, யோனி வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை வாய் பக்கத்திலேயே தெரியும். டாப்ளரைப் போட்டால் ரத்த ஓட்டம் நிறமாகத் தெரியும். கட்டிக்குள் ரத்தம் நின்று நிதானமாக ஓடுகிறதா, தமனியின் வேகத்தில் பாய்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியும். வேகம் அதிகமென்றால் அது தமனி-சிரைப் பின்னலாக இருக்கலாம். அங்கே கத்தியை வைப்பது இன்னும் ஆபத்து. எவ்வளவு ஆழம் போகிறது, கர்ப்பப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படும். சில நேரம் பழைய ரத்தக்கட்டி உறைந்து கல்லாகிப்போன சின்னச் சின்னப் புள்ளிகளும் படத்தில் தெரியும். மெதுவான ஓட்டத்துக்கு அது நல்ல சாட்சி.

அதன் பிறகும் பயாப்சி தேவையென்றால் எடுக்கலாம். ஆனால் ஓ.பி. மேசையில் வேண்டாம். தியேட்டரில், கையில் தையல் நூலோடு, ரத்தம் ஏற்பாடு செய்துகொண்டு. பக்கத்தில் மோன்செல் கரைசல் ஒரு பாட்டில். 19ஆம் நூற்றாண்டில் லியோன் மோன்செல் என்ற பிரெஞ்சு ராணுவ மருந்தாளர் காயங்களுக்காகச் செய்த இந்த இரும்புக் கரைசல், போர்க்களத்தை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. கர்ப்பப்பை வாய் பயாப்சிக்குப் பின் தடவும் தேன் நிறக் குழம்பாக இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஓர் எளிய சோதனை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். கால்களைப் பார்ப்பது. ஒரு காலில் மட்டும் பிறவியிலேயே ஒயின் நிற மச்சம், அதே காலில் புடைத்த நரம்புகள், அந்தக் கால் மற்றதைவிடப் பருமனாகவோ நீளமாகவோ இருப்பது. மாரிஸ் கிளிப்பெல், பால் ட்ரெனோனே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1900இல் விவரித்த கோளாறு இது. இவர்களுக்கு இடுப்புக்குள்ளும் இதே மாதிரி குழாய்க் கோளாறு இருக்கக்கூடும். சின்ன வயதிலிருந்தே அந்த மச்சத்தோடு வாழ்கிற பெண்ணுக்கு, அதை ரத்தப்போக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றாது. புடவைக்குள் மறைந்திருக்கும் காலை மருத்துவரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

லேபுக்குப் போன துணுக்கு என்ன ஆகிறது? மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக நறுக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். விரிந்த அறைகள், உள்ளே ரத்தச் சிவப்பணுக்கள், சுவரில் ஒற்றை வரிசையாகத் தட்டையான செல்கள். செல்கள் ஒழுங்காக, அமைதியாக இருக்கின்றனவா என்பதே நோய்க்கூறு மருத்துவர் கவனிக்கும் முதல் விஷயம். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உட்கரு பெருத்து, பிளவுபட்டுக்கொண்டிருந்தால் அது ஆஞ்சியோசார்கோமா என்ற கொடிய வகையாக இருக்கலாம். சிடி31, சிடி34 என்ற குறிகள் சாயத்தில் ஒளிர்ந்தால், செல்கள் ரத்தக் குழாயின் உட்சுவரைச் சேர்ந்தவை என்று உறுதியாகும். நிணநீர்க் குழாய்களிலிருந்து பிரித்தறிய வேறொரு குறி.

சில மாதிரிகளில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புள்ளிகளும் இந்தச் செல்களில் தெரிந்திருக்கின்றன, சிலவற்றில் தெரியவில்லை. கர்ப்பகாலத்தில் சில கட்டிகள் பெருப்பதற்கு ஹார்மோன் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற ஊகம் இங்கிருந்து வருகிறது.

இதே பெயரில் குழந்தைகளின் கன்னத்திலும் நெற்றியிலும் சிவந்த கட்டி வருமே, அதுவும் இதுவும் ஒன்றா? இந்தக் குழப்பத்தை 1982இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜான் மல்லிகன், ஜூலி குளோவாக்கி இருவரும் தெளிவாக்கினார்கள். செல்கள் வேகமாகப் பெருகி, பிறகு தானாகவே சுருங்கிவிடும் குழந்தைக் கட்டிகள் ஒரு பக்கம். கருவிலேயே தவறாக அமைந்துவிட்டு, ஆளோடு சேர்ந்து வளர்ந்து, ஒருபோதும் தானாக மறையாத குழாய்க் கோளாறுகள் மறுபக்கம். பெரியவர்களின் கர்ப்பப்பை வாயில் 'கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா' என்று ரிப்போர்ட் வருகிற பலவும் இன்றைய கணக்கில் இரண்டாவது பக்கத்தைச் சேர்ந்தவை. மகப்பேறுத் துறை மட்டும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இது வெறும் பெயர்ச் சண்டையாக இருந்தால் கடந்துபோய்விடலாம். சிகிச்சையே மாறிவிடுகிறது. 2008இல் வெளிவந்த பதிவு இது: பிரான்ஸின் போர்தோ நகரில் கிறிஸ்தீன் லியோத்தே-லப்ரேஸ் என்ற தோல் மருத்துவர், மூக்கில் ஹீமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் இதயத் தசை தடித்துப்போனது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். ஜேம்ஸ் பிளாக் இதய நோயாளிகளுக்காக உருவாக்கி, 1988இல் நோபல் பரிசு வாங்கிய அதே மருந்து. மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறி, தொட்டால் மெத்தென்று ஆகிவிட்டது. குழந்தைக் கட்டிகளின் சிகிச்சை உலகெங்கும் அதோடு தலைகீழானது. போனில் 'ஹீமாஞ்சியோமா மருந்து' என்று தேடினால் முதலில் வருவது இந்த ப்ரோப்ரனலால்தான். பெருகும் செல்களை அடக்கிய மருந்து, தவறாகக் கட்டப்பட்ட குழாயைத் திருத்திக் கட்டாது. கடையில் கேட்டு வாங்கி விழுங்கினால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும்தான் இறங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சே சிக்கலாகும்.

அமைப்புக் கோளாறுகளுக்கும் மருந்துக் கதவு திறக்கத் தொடங்கியிருக்கிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்த சிரோலிமஸ், சிக்கலான சிரைக் கோளாறுகளில் பயன்படுகிறது. ஆனால் கர்ப்பப்பை வாயில் கிடக்கும் ஒரு சென்டிமீட்டர் திட்டுக்கு அவ்வளவு பெரிய மருந்தை இறக்குவதற்கு அவசியமில்லை.

கர்ப்பம் தரித்த பெண்ணிடம் இந்தக் கட்டி இருந்தால் கதை வேறு வேகம் எடுக்கிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது. சுற்றிலும் இருக்கும் எல்லாக் குழாய்களும் பெருத்திருக்கும் காலம் அது. ஏழாம் மாதத்தில் ரத்தம் பட்டால் லேபர் வார்டில் முதலில் நினைப்பது நஞ்சு கீழே இறங்கியிருக்கிறதோ என்றுதான். ஸ்கேனில் நஞ்சு மேலே, தன் இடத்தில் இருக்கிறது. அப்புறம் ரத்தம் எங்கிருந்து? நஞ்சு கீழே இல்லை என்று உறுதியான பிறகு ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தால் விடை வாயிலேயே இருக்கலாம். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதை எந்த மகப்பேறு மாணவிக்கும் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நஞ்சு கீழே இருக்கும்போது விரலை விட்டால் ரத்தம் பீறிடும்.

கண்டுபிடித்துவிட்டால் சிசேரியன்தானா? இதற்கு ஒரே பதில் கிடையாது. சிறிய கட்டியோடு சுகப்பிரசவம் ஆனவர்களும் இருக்கிறார்கள், பெரிய கட்டிக்காகச் சிசேரியன் செய்தவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய் பத்து சென்டிமீட்டர் விரியும்போது அந்த மெல்லிய அறைகள் தாங்குமா என்பதே கேள்வி. அளவு, இடம், ஆழம் மூன்றையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எந்த வழியானாலும் ஒரு ஏற்பாடு மாறாது: ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம், பொருந்தும் ரத்தம் கைக்கெட்டும் தூரத்தில். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பத்து கிராம் ஹீமோகுளோபின்கூட இல்லாமல் லேபர் வார்டுக்குள் நுழைகிறவளுக்கு இழக்கக் கையிருப்பே இல்லை. கட்டி இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், இரும்புச்சத்து ஏற்றுவதற்கு மாதங்கள் கிடைக்கும். 1897இன் அந்தப் பெண்ணுக்குக் கட்டியோடு ரத்தசோகையும் இருந்ததை மறக்கக் கூடாது.

பிரசவ ரத்தப்போக்கு என்றால் இன்று லேபர் வார்டில் உடனே கேட்பது டிரானெக்ஸாமிக் அமிலம். மாதவிலக்கில் அதிகம் போனாலும் இதே மாத்திரைதான் எழுதுவார்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உடகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். போருக்குப் பிந்தைய வறுமையில், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் உடகோ. 1962இல் அவர்கள் அறிவித்த மருந்தை அப்போது பிரசவ வார்டில் சோதித்துப் பார்க்க யாரையும் அவரால் இணங்கவைக்க முடியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து 21 நாடுகளில், 20,060 பெண்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் இறப்பவர்களின் எண்ணிக்கையை இந்த மருந்து குறைக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று 2017இல் முடிவு வந்தது. உடகோ அதற்கு முந்தைய ஆண்டு, 98 வயதில் காலமாகியிருந்தார். ஹீமாஞ்சியோமாவுக்கென்று தனி மருந்து இல்லாத இடத்தில், நெருக்கடி நேரத்தில் கைகொடுப்பதில் அவருடைய மருந்தும் ஒன்று.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு என்ன சிகிச்சை? தொந்தரவே இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே சிகிச்சை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று பார்த்துக்கொண்டு, அளவு கூடுகிறதா என்று கவனிப்பது. இதைக் கேட்டுவிட்டு வெளியே வரும் குடும்பம் பெரும்பாலும் திருப்தியடைவதில்லை. 'கட்டி இருக்குங்கிறாங்க, ஒண்ணும் பண்ண வேண்டாங்கிறாங்க' என்று அடுத்த மருத்துவரைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

ரத்தம் போனால் வழிகள் பல. மேலோட்டமான சின்னக் கட்டியை உறையவைத்தோ லேசரால் சுட்டோ எடுக்கலாம். கொஞ்சம் ஆழமென்றால் மின்கம்பி வளையத்தால் வழித்தோ, கூம்பாக வெட்டியோ எடுக்கலாம். இன்னும் குழந்தை பெற வேண்டியவளாக இருந்தால் எவ்வளவு வெட்டுகிறோம் என்பதில் கணக்குப் பார்க்க வேண்டும், அதிகம் வெட்டினால் அடுத்த கர்ப்பத்தில் குறைப்பிரசவ ஆபத்து கூடும். பெரிய கட்டிக்கு, கத்தியே வைக்காமல், தொடையிலோ கையிலோ சின்னக் குழாயைச் செருகிக் கர்ப்பப்பைத் தமனி வரை கொண்டுபோய் நுண்ணிய துகள்களால் அடைத்துவிடும் முறை இருக்கிறது. 1995இல் பாரிஸில் ழாக் ரவினாவின் குழு ஃபைப்ராய்டுகளுக்கு இதைச் செய்து காட்டிய பிறகு பரவலானது. இதைச் செய்கிறவர் மகப்பேறு மருத்துவர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். பெரிய நகரங்களில் கிடைப்பார். அனுப்பிவைக்க ஒருவர் வேண்டும், அதுதான் பிரச்சினை.

அனுப்பிவைக்காத இடத்தில் கேட்கும் வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்ததே. 'ரெண்டு புள்ள ஆச்சு, இனிமே கர்ப்பப்பை எதுக்கு, எடுத்துடலாம்.' வேறு வழியே இல்லாமல் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்த நேரங்கள் ஹீமாஞ்சியோமாவிலும் உண்டு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இந்தியாவில் கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட பெண்களிடம் காரணம் கேட்டால் முதலில் வருவது அதிக ரத்தப்போக்கு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் இளம் வயதிலேயே கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையற்ற அறுவைகள் நடந்ததாகத் தொடுத்த வழக்கில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. ரத்தப்போக்கு என்ற ஒற்றைப் புகாருக்குக் கர்ப்பப்பையே விலையாகிவிடுகிற நாட்டில், உள்ளே இருந்தது ஃபைப்ராய்டா, ஹார்மோனா, ஹீமாஞ்சியோமாவா என்று யாரும் கேட்பதில்லை. எடுத்த கர்ப்பப்பை லேபுக்குப் போனதா என்பதற்கே பல பெண்களிடம் காகிதம் இருக்காது.

ரிப்போர்ட் கையில் இருக்கிறவள் அதிர்ஷ்டசாலி. அவள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கட்டியின் அளவு என்ன, வாயின் வெளிப்பக்கமா உட்குழலா, டாப்ளரில் ஓட்டம் வேகமா மெதுவா. பயாப்சி எடுத்திருந்தால், அந்தத் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்களா. லேபுகள் அதை வருடக்கணக்கில் வைத்திருக்கும். 'பிளாக்' வேண்டும் என்று எழுதிக் கேட்டால் அதையும் கண்ணாடிச் சில்லையும் தருவார்கள். இந்தக் கட்டியை அடிக்கடி பார்த்திராத நோய்க்கூறு மருத்துவர் எழுதிய முடிவை, இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் மறுபடி பார்க்கச் சொல்வதற்குப் புதிதாக ஒரு துணுக்கை வெட்டியெடுக்கத் தேவையில்லை.